நாலு பேர் நம்பும் டூல்: தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, ஆபீஸில் நீ எழுதிய அந்தச் சின்ன டூலைப் பக்கத்து டீமும் கேட்கிறது என்று சொன்னாயே, அப்போதிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். கான்ஃபிக் கோப்பில் இருக்கும் பிழையை டெப்ளாய் செய்வதற்கு முன்பே பிடித்துக் கொடுக்கும் டூல். இப்போது அதை ஓப்பன் சோர்ஸாக வெளியே விடலாமா என்று கேட்கிறாய். தாராளமாக விடு. புரோகிராமர்களுக்கு டூல் எழுதித் தருவதுதான் பல வருடங்களாக என் வேலை என்பதால், விடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதையும் விட்ட பிறகு வரப்போவதையும் என்னால் கொஞ்சம் சொல்ல முடியும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள். உன் டூலை ஓட்டுகிற யாரும் உன் டூலுக்காக வரவில்லை. அவருக்கு வேறு வேலை இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு ரிலீஸ், வீட்டில் குழந்தை காத்திருக்கிறது, இந்தக் கோப்பு ஏன் ஓடவில்லை என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் உன் டூல் அவரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான் அது நல்ல டூலா இல்லையா என்று அவர் முடிவு செய்வார். உள்ளே நீ எவ்வளவு அழகான அல்காரிதம் எழுதினாய் என்பது அவர் கண்ணில் படவே படாது.

முதலில் காகித வேலை

உன் வேலை ஒப்பந்தத்தை எடுத்து ஒரு முறை முழுதாகப் படி. ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் லேப்டாப்பில் எழுதிய கோட் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று பெரும்பாலும் அதில் இருக்கும். சில ஒப்பந்தங்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எழுதியதையும் சேர்த்துக்கொள்ளும். மேனேஜர் வாய்வார்த்தையாக ‘போட்டுக்கோப்பா’ என்றால் போதாது. அவர் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். மெயிலில் அனுமதி வாங்கி, அந்த மெயிலைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அடுத்தது லைசென்ஸ். கிட்ஹப்பில் போட்டாலே எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். லைசென்ஸ் கோப்பு இல்லையென்றால் பதிப்புரிமை முழுக்க எழுதியவரிடமே இருக்கிறது. அடுத்தவருக்கு அதைத் தன் வேலையில் சேர்க்க உரிமை இல்லை. ஒழுங்கான நிறுவனங்கள் லைசென்ஸ் இல்லாத கோடைத் தொடுவதே இல்லை. எம்.ஐ.டி. லைசென்ஸ் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். அப்பாச்சி 2.0-ல் பேடென்ட் உரிமை பற்றியும் தெளிவாக எழுதியிருக்கும். ஜி.பி.எல். என்றால், உன் கோடை மாற்றி வெளியே விநியோகிக்கிறவர் மூலக் கோடையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும். உன் டூலுக்கு அப்பாச்சி 2.0 போதும் என்பது என் அபிப்பிராயம். எதுவானாலும் வெளியிடும் அன்றைக்கே முடிவு செய். ஐம்பது பேர் கோட் பங்களித்த பிறகு லைசென்ஸை மாற்ற நினைத்தால் ஐம்பது பேரிடமும் சம்மதம் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

எரர் மெசேஜில் நேரம் செலவழி

உன் டூலை நானும் ஓட்டிப் பார்த்தேன். கோப்பில் தவறு இருந்தால் ‘இன்வேலிட் கான்ஃபிக்’ என்று ஒரே வரி வருகிறது. மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு இதை முதலில் சரிசெய்.

எரர் மெசேஜ் படிக்கிறவருக்கு மூன்று கேள்விகள் இருக்கும்: எங்கே, என்ன, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? ‘புரொடக்‌ஷன் கோப்பின் 42-ஆம் வரியில் போர்ட் என்ற இடத்தில் எண் வர வேண்டும், காலியாக இருக்கிறது’ என்று சொன்னால் அவர் அரை நிமிடத்தில் திருத்திவிட்டுப் போய்விடுவார். கோப்பே கிடைக்கவில்லையென்றால், எந்தெந்த ஃபோல்டர்களில் தேடினாய் என்று முழுப் பாதையோடு சொல். ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று மட்டும் சொல்லிவிட்டால், எந்த ஃபைல், எங்கே தேடியது என்று அவர் உன் கோடைத் திறந்து படிக்க வேண்டிவரும். டூல் எழுதினவனுக்குத் தெரிந்த விஷயத்தை, தெரியாதவரிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். இவான் சாப்லிக்கி 2012-ல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது எல்ம் என்ற மொழியை உருவாக்கினார். 2015-ல் அந்த மொழியின் கம்பைலர் பேசும் விதத்தையே மாற்றி எழுதினார். தவறான வரியை அப்படியே எடுத்துக்காட்டி, இங்கே இந்த வகை வர வேண்டும், நீங்கள் கொடுத்தது இது, ஒருவேளை இந்தப் பெயரைத்தான் சொல்ல வந்தீர்களா என்று கேட்கும் கம்பைலர். அதைப் பார்த்து ரஸ்ட் மொழிக்காரர்களும் 2016-ல் தங்கள் எரர் மெசேஜ்களின் அமைப்பைப் புதிதாகச் செய்தார்கள். எல்மிடமிருந்து கற்றதை வெளிப்படையாகவே சொன்னார்கள். ரஸ்ட் சுலபமான மொழி கிடையாது. ஒரு மதிப்பு யாருக்குச் சொந்தம், யார் இரவல் வாங்கியிருக்கிறார் என்று கம்பைலர் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட மொழியைப் புதியவர்கள் விடாமல் கற்றுக்கொள்கிறார்கள் என்றால், எஸ்டேபன் கூபர் போன்றவர்கள் வருடக்கணக்காக ஒவ்வொரு மெசேஜாக உட்கார்ந்து திருத்தியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அங்கே புரியாத எரர் மெசேஜையும் பக் என்றே பதிவு செய்கிறார்கள். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு எண் இருக்கிறது. இ0382 என்று கொடுத்து விளக்கம் கேட்டால், அந்தத் தவறு எப்படி நேர்கிறது, எப்படித் திருத்துவது என்று உதாரணத்தோடு கம்பைலரே சொல்லும். இணையம் கூடத் தேவையில்லை.

நீயும் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள். யாராவது உன்னிடம் வந்து ‘இந்த மெசேஜ் வருது, என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, சொன்ன அதே பதிலை மெசேஜுக்குள் எழுதிவிடு. அடுத்தவர் கேட்க வேண்டியிருக்காது.

இதோடு இரண்டு சின்ன விஷயங்கள். பிழைச் செய்தியை ஸ்டாண்டர்டு எரரில் எழுது, முடிவை ஸ்டாண்டர்டு அவுட்புட்டில் எழுது. பைப் போட்டு உன் டூலின் வெளியீட்டை வேறொன்றுக்கு அனுப்புகிறவருக்கு இரண்டும் கலந்து வந்தால் எல்லாம் கெட்டுப்போகும். தவறு இருந்தால் எக்சிட் கோட் பூஜ்யமாக இருக்கக் கூடாது; பூஜ்யம் என்றால் வெற்றி என்று சி.ஐ. எடுத்துக்கொண்டு தவறான கோப்பை அப்படியே மேலே அனுப்பிவிடும்.

நாலு பேர் இருக்கும்போதே மாற்று

மேக் என்ற டூலை நீ கல்லூரியில் பார்த்திருப்பாய். பெல் ஆய்வகத்தில் 1976-ல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது, இன்றும் ஓடுகிறது. மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப் எழுத்தோடுதான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் போட்டால் ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதில் மாட்டுகிறார்கள். அதை ஏன் மாற்றவில்லை என்பதற்கு ஃபெல்ட்மனே காரணம் சொல்லியிருக்கிறார். எழுதிச் சில வாரங்களிலேயே ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குத் தொந்தரவு தர மனம் வரவில்லை. அந்த ஒரு டஜன் பேருக்காக விட்டது, அரை நூற்றாண்டாக உலகம் முழுக்க நிற்கிறது.

உனக்கு இப்போது இரண்டு டீம் இருக்கிறது. பெயர் சரியில்லாத கட்டளை, இரண்டு அர்த்தம் தரும் ஃபிளாக், தேவையில்லாமல் ஆபத்தாக இருக்கும் டிஃபால்ட், எல்லாவற்றையும் இந்த மாதமே மாற்று. பக்கத்து டீமிடம் நேரில் போய்ச் சொல்லி, அவர்களுடைய ஸ்கிரிப்டையும் நீயே திருத்திக் கொடு. வெளியே விட்ட பிறகு இந்த வாய்ப்பு கிடைக்காது. வெளியே விட்டபின் உடைக்கும் மாற்றம் வந்தே தீர வேண்டுமென்றால் வெர்ஷனின் முதல் எண்ணை ஏற்று, முந்தைய வெர்ஷனிலேயே எச்சரிக்கை கொடு, என்ன மாற வேண்டும் என்று சேஞ்ச்லாகில் பழைய வரியையும் புதிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டு.

ஆப்ஷன்களைக் குறைத்துக்கொள். ஒருவர் கேட்டார் என்று ஒரு ஃபிளாக் சேர்ப்பது சுலபம். வருடங்கள் போன பிறகு அது, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாவிட்டாலும் தூக்கிப்போட யாருக்கும் தைரியம் வராத சாவியாகக் கொத்திலேயே தொங்கும். கோ மொழியின் கோஃபம்ட் கோடை ஒரே விதமாக அடுக்கிக் கொடுக்கும். உள்தள்ளல் இப்படி வேண்டும், அடைப்புக்குறி அப்படி வேண்டும் என்று கேட்க அதில் வழியே இல்லை. அந்த வடிவம் யாருக்கும் முழுதாகப் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதைப் பற்றிய சண்டை நின்றுபோனதால் கோ எழுதுகிற எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். பைத்தானுக்கு லூக்காஷ் லாங்கா 2018-ல் எழுதிய பிளாக் ஃபார்மேட்டரும் அதே வழியில் போனது. அதனால் யாராவது ஆப்ஷன் கேட்டால், எந்தப் பிரச்சினைக்காகக் கேட்கிறார் என்று முதலில் விசாரி. பாதி நேரம் டிஃபால்டை மாற்றினாலே அவர் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அம்மா பெயரைப் போட்டுச் சோதித்துப் பார்

இதை நம்மை மாதிரி ஆட்கள் சொல்லாவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். உன் டெஸ்ட் கோப்புகள் எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் ஒரு கமென்ட், மதிப்பாக அம்மாவின் பெயர் தமிழில், தமிழில் பெயர் வைத்த ஒரு ஃபோல்டர் சேர்.

‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள். கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தானில் நீளம் கேட்டால் 5 என்று வரும், ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனி இடம் பிடிக்கின்றன. யு.டி.எஃப்-8-ல் சேமித்தால் 15 பைட். இந்த மூன்று எண்ணில் எதை வைத்து நீ ‘பதினேழாவது எழுத்தில் பிழை’ என்று சொல்கிறாய்? பைட்டை எண்ணிவிட்டு எழுத்து என்று சொன்னால், தமிழ் இருக்கும் வரியில் உன் அம்புக்குறி எங்கேயோ வெட்டவெளியில் போய் நிற்கும். நீளமான வரியைக் காட்ட வசதியில்லாமல் பாதியில் வெட்டினால், புள்ளி போய் ‘ழ்’ வெறும் ‘ழ’ ஆகிவிடும். பைட் கணக்கில் வெட்டினால் கேள்விக்குறிச் சதுரங்கள் வரும்.

பெரிய டூல்களிலும் இது இருக்கிறது. தமிழில் பெயர் வைத்த கோப்பை கிட்டில் சேர்த்து ஸ்டேட்டஸ் கேட்டுப் பார். ‘த’ என்ற எழுத்துக்குப் பதிலாக \340\256\244 என்று எண்களாகக் காட்டும். கோர் பிரிவில் உள்ள குவோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றினால் தமிழ் தமிழாகத் தெரியும். தமிழில் கோப்புப் பெயர் வைக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடு. எழுதியவர்கள் மேல் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. பழைய டெர்மினல்களில் திரை கெட்டுப்போகாமல் இருக்கப் பாதுகாப்பாக வைத்த டிஃபால்ட் அது. ஆனால் தமிழ், பர்மியம், அம்ஹாரிக் பேசுகிறவர்கள் டூல் எழுதும் இடத்தில் உட்கார்ந்தால்தான் அடுத்த டூலிலாவது ஆரம்பத்திலிருந்தே சரியாக இருக்கும். நீ இப்போது அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய்.

அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீ போ

உன் டூலுக்கென்று தனி விண்டோ, தனி இணையப் பக்கம் என்று யோசித்துக்கொண்டிருந்தாய். வேண்டாம். எடிட்டரில் கோப்பைத் திறந்திருக்கும்போதே சிவப்புக் கோடு போட்டுக் காட்டினால் போதும்.

முன்பெல்லாம் இது பெரிய தலைவலியாக இருந்தது. பத்து எடிட்டர், இருபது மொழி என்றால் இருநூறு பிளக்-இன் எழுத வேண்டும். 2016-ல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூவரும் சேர்ந்து லேங்குவேஜ் சர்வர் புரோட்டோக்கால் என்ற பொது ஒப்பந்தத்தை அறிவித்தார்கள். மொழியைப் புரிந்துகொள்ளும் சர்வரை ஒரு முறை எழுதினால், அந்த ஒப்பந்தத்தைப் பேசும் எந்த எடிட்டரும் அதைப் பயன்படுத்தலாம்; இருநூறு வேலை முப்பதாகக் குறைந்தது. வி.எஸ். கோட் வேலைகளிலிருந்து வந்த யோசனை இது. அந்த எடிட்டரைத் தொடங்கி நடத்திய எரிக் காமா, அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கென்ட் பெக்கோடு சேர்ந்து ஜேயூனிட் என்ற டெஸ்டிங் டூலை எழுதியவர். ஒரே மனிதர் இரண்டு தலைமுறை புரோகிராமர்களின் அன்றாடத்தை மாற்றியிருக்கிறார். நீ இந்தப் புரோட்டோக்காலைப் பேசும் சின்ன சர்வர் ஒன்று எழுதிவிட்டால், வி.எஸ். கோட்காரரும் நியோவிம்காரரும் பழக்கத்தை மாற்றாமல் உன் டூலைப் பயன்படுத்துவார்கள். ஆனால் இடத்தை எப்படி எண்ணுவது என்பதில் கவனமாக இரு. தொடக்கத்தில் இந்தப் புரோட்டோக்கால் யு.டி.எஃப்-16 கணக்கில் மட்டும்தான் இடம் சொல்லியது. 2022-ல் வந்த 3.17-லிருந்துதான் எடிட்டரும் சர்வரும் பேசி வேறு கணக்கை ஒப்புக்கொள்ள முடிகிறது.

மனிதர் படிக்கும் வெளியீட்டோடு, ஜேசன் வடிவில் ஒரு வெளியீடும் கொடு. நீ நினைத்தே பார்க்காத இடத்தில் யாராவது அதைப் பொருத்துவார்கள். ஆண்ட்ரூ கேலன்ட் 2016-ல் வெளியிட்ட ரிப்கிரெப் ஒரு கமாண்ட் லைன் தேடல் டூல். வி.எஸ். கோடில் எல்லாக் கோப்புகளிலும் நீ தேடும்போது உள்ளே ஓடுவது அதுதான். தேடல் என்ற ஒரே வேலையை வேகமாகவும் சரியாகவும் செய்ததால் அந்த இடம் அதற்குக் கிடைத்தது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்

உன் டூலைப் பார்த்தே இராத ஒருவரைப் பிடி. ரீட்மீயை மட்டும் கொடுத்து இன்ஸ்டால் செய்யச் சொல்லிவிட்டு, பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார். அவர் எங்கே நிற்கிறார், எந்த வரியை இரண்டாம் முறை படிக்கிறார், எதை டைப் செய்து அழிக்கிறார் என்று குறித்துக்கொள். உதவி செய்ய நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள். நான் வேலை செய்த டீம்களில் எந்தச் சர்வேயும் இந்த அளவுக்கு உதவியதில்லை. கூச்சத்தால் யாரும் சொல்லாத குறைகள் எல்லாம் இதில் வெளியே வந்துவிடும். சென்னைபை, ஐ.எல்.யு.ஜி.சி. போன்ற குழுக்களின் கூட்டங்களுக்குப் போ. பேசுவதற்கு ஒரு சின்ன வாய்ப்பு கேள், ஆனால் பேச்சை விட, முடிந்த பிறகு யாராவது லேப்டாப்பைத் திறந்து முயற்சி செய்யும்போது பக்கத்தில் நிற்பதுதான் உனக்கு லாபம்.

ரீட்மீயில் முதல் பத்து வரிக்குள் இது என்ன செய்யும், எப்படி இன்ஸ்டால் செய்வது, ஓட்டினால் திரையில் என்ன தெரியும் என்பது வந்துவிட வேண்டும். மற்றதெல்லாம் கீழே.

பக் சொல்லி வருகிறவர்களிடம் பொறுமையாக இரு, ஆனால் மூன்று விஷயம் கேள்: வெர்ஷன் எது, எந்தக் கோப்பைக் கொடுத்தார், எந்தக் கட்டளையை அடித்தார். உன் கணினியில் அதே பிழையை வரவழைக்க முடியாவிட்டால் அதை நம்பி நேரம் செலவழிக்காதே. கர்ல் டூலைத் தொண்ணூறுகளிலிருந்து வளர்த்துவரும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த பொய்யான பாதுகாப்புக் குறை அறிக்கைகள் வந்து குவிவதைப் பற்றி 2024 முதல் பொதுவெளியில் பேசிவருகிறார். படிக்க உண்மை போலவே இருக்கும். ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் மாலை நேரத்தைத் தின்கிறது.

‘போன மாதம் ஓடியது, இப்போது ஓடவில்லை’ என்று யாராவது வந்தால் கிட் பைசெக்டைப் பயன்படுத்து. நன்றாக ஓடிய ஒரு கமிட்டையும் கெட்டுப்போன ஒரு கமிட்டையும் சொன்னால், நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லும், பிறகு அதில் பாதி, அதிலும் பாதி. ஆயிரம் கமிட் இருந்தாலும் ஏறக்குறைய பத்துச் சோதனையில் குற்றவாளியைக் காட்டிவிடும். அதற்கு ஒரு நிபந்தனை: ஒவ்வொரு கமிட்டும் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரைகுறையாகக் கமிட் செய்துவிட்டு வீட்டுக்குப் போகாதே.

தனியாகச் சுமக்காதே

இந்த இடத்தில் நீ கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

2024 மார்ச் மாதம் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், டெபியனின் சோதனை வெர்ஷனில் எஸ்.எஸ்.எச். லாகின் வழக்கத்தை விட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று அவர் விடவில்லை. தோண்டிப் பார்த்ததில், எக்ஸ்.இசட். என்ற கம்ப்ரஷன் டூலின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ பின்வாசல் வைத்திருந்தது தெரியவந்தது. உலகத்தின் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களுக்குள் போயிருக்கக்கூடிய பின்வாசல். வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கு மேலாக நல்ல பங்களிப்பாளராக நடித்து, பராமரிப்புப் பொறுப்பையே பெற்றவர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்று வெளியாகவில்லை.

எனக்கு இதில் மனது கனக்கும் இடம் வேறு. அந்த டூலை வருடக்கணக்காகத் தனியாகச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டவர் லாசே காலின். ரிலீஸ் தாமதமாகிறது, ஏன் வேறு யாரிடமாவது கொடுக்கக் கூடாது என்று 2022-ல் முகமறியாத சிலர் அவரை நெருக்கினார்கள். தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் சொல்லியும் அழுத்தம் நிற்கவில்லை. களைத்துப்போன ஒரு மனிதரின் தனிமை வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

அதனால் ஆரம்பத்திலேயே இன்னொருவரைச் சேர்த்துக்கொள். நேரில் தெரிந்தவராக, உன் கோடைக் கேள்வி கேட்கிறவராக இருக்கட்டும். ரிலீஸ் கோப்புகளை உன் லேப்டாப்பில் கட்டாதே. கிட்டில் உள்ள கோடிலிருந்து சி.ஐ. தானாகக் கட்டட்டும். எக்ஸ்.இசட். விஷயத்தில் பின்வாசலைத் திறக்கும் வரி கிட்டில் இல்லை, ரிலீஸ் டார் கோப்பில் மட்டும் இருந்தது என்பதை நினைவில் வை. பேக்கேஜ் கணக்குக்கு இரண்டு அடுக்கு உறுதிப்படுத்தல் போடு. டிபெண்டன்சி சேர்க்கும்போது யோசி: 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரிப் பேக்கேஜை எழுதியவர் என்.பி.எம்.-லிருந்து அதை நீக்கியதும் ஆயிரக்கணக்கான பில்டுகள் உடைந்து நின்றன. பதினோரு வரியை நீயே எழுதலாம். ‘எப்போது ரிலீஸ்?’ என்று யாராவது நெருக்கினால், ‘முடியும்போது’ என்று சொல்ல உனக்கு முழு உரிமை இருக்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

பணம் பற்றியும் வெட்கப்படாமல் யோசி. லட்சக்கணக்கான புராஜெக்ட்களில் இருக்கும் பேபல் டூலின் குழுவே, இத்தனை பேர் பயன்படுத்தியும் கையில் காசு தீர்கிறது என்று 2021-ல் வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. பயன்பாடு கூடினால் பணம் தானாக வரும் என்று நம்பி வேலையை விட்டுவிடாதே. நம் நாட்டில் ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் ஃபிளாஸ் ஃபண்ட் என்ற பெயரில் ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்களுக்கு வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. அதற்கு விண்ணப்பிக்க உன் புராஜெக்டில் ஃபண்டிங் ஜேசன் கோப்பு ஒன்று வைக்க வேண்டும். இப்போதே கிடைக்கும் என்று சொல்லவில்லை. எப்படி எழுதுவது என்று படித்து வைத்துக்கொள். வரும் பணத்தைப் பிறருக்குத் திருப்பி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். விம் எடிட்டரை 1991-ல் வெளியிட்ட நெதர்லாந்துக்காரர் பிராம் மூலெனார், பயனர்கள் கொடுக்க விரும்பிய பணத்தை உகாண்டாவின் குழந்தைகளுக்குப் போகச் செய்தார். 2023 ஆகஸ்டில் அவர் இறந்தார். மற்ற பராமரிப்பாளர்கள் வேலையை எடுத்துக்கொண்டு 2024 ஜனவரியில் 9.1 வெர்ஷனை அவருக்குக் காணிக்கையாக வெளியிட்டார்கள். இன்று காலை நான் திறந்த எடிட்டரும் அதுதான்.

கைமாற்றிக் கொடுப்பதும் டூல் எழுதுகிறவரின் வேலைதான். லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதினார். அதே வருடம் ஜூலையிலேயே ஜூனியோ ஹமானோவிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். ஹமானோ அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொள்கிறார். கொடுக்கும் முன் ஹமானோவின் பேட்ச்களைப் பார்த்து, அவர் ரசனையை நம்பித்தான் டோர்வால்ட்ஸ் கொடுத்தார். உனக்கும் ஒரு நாள் கல்யாணம், வேறு வேலை, வேறு ஆசை என்று எதுவாவது வரும். அப்போது எடுத்துக்கொள்ளச் சரியான ஆள் இருந்தால் கொடு. இல்லாவிட்டால் ரீட்மீயின் மேலேயே ‘இதை இனி நான் பராமரிக்கவில்லை’ என்று தேதியோடு எழுதி, மாற்றாக எதைப் பயன்படுத்தலாம் என்று பெயர் சொல்லி, ரெப்போவை ஆர்க்கைவ் செய்துவிடு. அறிமுகமில்லாத யாரோ மெயிலில் கேட்டார் என்று பாஸ்வேர்டை மட்டும் கொடுத்துவிடாதே.

இப்போதைக்கு அந்த ‘இன்வேலிட் கான்ஃபிக்’ வரியை மாற்று, மேனேஜரின் மெயிலை வாங்கு. வாங்கியதும் லிங்க் அனுப்பு. தமிழ் ஃபோல்டர் ஒன்றில் வைத்து நானே இன்ஸ்டால் செய்து பார்க்கிறேன். எங்கே தடுக்குகிறேன் என்று நீ பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்.